பிடுங்காத வடை

தர்ஷினி வடையை எடுப்பதும், கணவன் கிஷோர் அதைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொள்வதும் வில்லிவாக்கத்து அந்த வீட்டில் தினமும் காலையில் நடக்கும் கூத்து. "ஸ்டென்ட் வெச்ச நெஞ்சுக்கு எண்ணெய் கேக்குதா? அறிவே கிடையாதா உனக்கு?" என்று அவன் கத்துவது மேல்மாடிவரை கேட்கும். தர்ஷினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

திட்டு விழுந்தால் ஆயுசு இருக்கிறது என்று அர்த்தம். அவள் இதயக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும் உணரி வைத்த ஸ்டென்ட் மாதாமாதம் முன்கணிப்பு அனுப்பும். அடைப்பு மறுபடி வருமா, இதயம் எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்லிவிடும். அது தப்பியதே இல்லை. சேதி தெரிந்த நோயாளிகள் பயத்திலேயே படுத்துவிட்டதால், அவர்களிடம் சொல்லக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் சேதி போகும்; அவர்தான் கணிப்புக் காப்பாளர். என்ன சேதி வந்தாலும் நேற்றைப் போலவே இன்றும் நடந்துகொள்ள அவருக்கு வகுப்பு உண்டு. பாசத்தைக் கூட்டாதே, சண்டையைக் குறைக்காதே என்பதுதான் முதல் பாடம். அந்த வகுப்பில் தன்னை அடித்துக்கொள்ள ஆளே இல்லை என்று கிஷோர் பீற்றிக்கொள்வான்.

இன்று அவன் கைக்கடிகாரம் அதிர்ந்தது. மாதச் சேதி. பார்த்தான், சட்டைக் கையை இழுத்து அதை மூடினான், எழுந்து சமையலறைக்குப் போனான். தர்ஷினி வழக்கம்போல் வடையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் சட்னிக் கிண்ணத்தோடு வந்தான்.

"ஆறிடப்போகுது. சாப்பிடு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவி மனுஷன், படித்ததை எல்லாம் ஒரு நொடியில் கோட்டை விட்டுவிட்டானே.

"கிஷோர், நீ திட்டலையா?"

அவன் கிண்ணத்தைப் பார்த்தான், அவள் கையிலிருந்த வடையைப் பார்த்தான். தான் செய்த காரியம் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளிறிப் போயிற்று.

"திட்டு கிஷோர். ஏதாவது சொல்லித் திட்டு."

"கீழ வை அதை," என்று ஆரம்பித்தான். மேல்மாடிவரை போகும் குரல் மேஜையைத் தாண்டவில்லை. "எண்ணெய் கேக்குதா உனக்கு... கீழ வைம்மா. வெச்சிடும்மா."

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் கெஞ்சியதே இல்லை. தர்ஷினி வடையைத் தட்டில் வைத்தாள். அவன் அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்ளவில்லை.