கப்பலேறாத காபிக் கப்

"சார்... சோபாவுல உக்காந்திருக்கறவர் எந்திரிக்க மாட்டேங்கறாரு சார்!"

பேக்கிங் மேஸ்திரி படுக்கையறை வாசலில் வந்து நின்று சொன்னபோது மணி பத்து நாற்பது.

கையில் டேப் உருளை. முகத்தில் சலிப்பு.

"சோபாவைக் கட்டணும் சார். ரெண்டு தடவை சொல்லிட்டேன். டீப்பாயைக்கூட அவரைச் சுத்தித்தான் எடுத்தோம். தோளைத் தட்டினேன்... அப்பவும் அசையல. நீங்க கொஞ்சம் வந்து சொல்லுங்க."

மாப்பிள்ளை நிமிர்ந்தான்.

அசைய மாட்டார் என்று அவனுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்பு அவரை அசையாமல் உட்கார வைத்தவனே அவன்தானே!

மாப்பிள்ளை என்பது அவன் பெயர் அல்ல. சோபாவில் இருந்தவர் அவனைக் கூப்பிட்ட முறை. அவர் இவன் மனைவியின் அண்ணன். ஊருக்கெல்லாம் தங்கமான மனுஷன். இவனுக்கு மட்டும் வில்லங்கம்!

பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் சரிபார்க்கும் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். ஆள் ரிட்டயரானார். கண் ரிட்டயராகவில்லை. பத்து நாளைக்கு முன்னால், பெட்டி கட்ட ஒத்தாசை செய்கிறேன் என்று வந்தவர், மாப்பிள்ளையின் இன்ஜினியரிங் பட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை... இந்த ரிஜிஸ்திரார் இந்த வருஷம் கையெழுத்துப் போட்டிருக்க முடியாதே!"

"ஏன் மச்சான்?"

"அதுக்கு முந்தின வருஷமே அவர் செத்துட்டார். மாலை போட்டதே நான்தான்."

முடிந்தது கதை!

அந்தப் பட்டத்தை நம்பித்தான் கடல் கடந்து வேலை. விசா. புது வீடு. இருபதடி கன்டெய்னர். எல்லாமே!

மச்சான் சத்தம் போடவில்லை. பத்து நாள் கெடு கொடுத்தார். "நீங்களே கம்பெனிக்கு உண்மையைச் சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லும்படியா ஆயிடும்."

பத்தாவது நாள்தான் இன்று.

"சொல்லிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே காலையில் வந்து உட்கார்ந்தார்.

"முதல்ல காபி சாப்பிடுங்க மச்சான். சொல்றேன்."

காபியில் மச்சானுடைய இதய மாத்திரைகளே பொடியாகக் கலந்திருந்தன. மாதாமாதம் மருந்துக் கடையில் வாங்கிக் கொடுப்பவன் மாப்பிள்ளைதான். ஒரு மாசம் முழுக்கச் சாப்பிட வேண்டியதை ஒரே கப்பில் கொடுத்துவிட்டான்!

அவன் திட்டம் எளிமையானது. உடம்பில் இருந்தால் அது மருந்து. கப்பில் இருந்தால் அது கொலை. ஆகவே கப்பை மட்டும் கழுவி வைத்துவிட வேண்டும்.

"அய்யோ... அண்ணா!"

ஹாலிலிருந்து மனைவியின் அலறல்!

மாப்பிள்ளை ஓடினான். முகத்தில் பதற்றத்தை ஒட்டிக்கொண்டு, "மச்சான்! மச்சான்!" என்று உலுக்கினான். உலுக்கிக்கொண்டே கண்ணால் டீப்பாயைத் தேடினான்.

டீப்பாய் இல்லை!

டீப்பாய் மேலிருந்த கப்பும் இல்லை!

மேஸ்திரியைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"டீப்பாய் மேல ஒரு காபிக் கப் இருந்ததே... எங்கய்யா?"

மேஸ்திரி எச்சில் விழுங்கினான். "பேக் ஆயிடுச்சு சார்."

"கழுவினீங்களா?"

"கழுவறதா? இருக்கறதை இருக்கற மாதிரியே கட்டறதுதான் சார் பேக்கிங். போன மாசம் ஒரு வீட்ல குப்பைக்கூடையைக் குப்பையோடவே கட்டி அனுப்பிட்டோம். அங்க போய்ப் பிரிச்சுப் பாத்துட்டு, ஃபோன்ல கிழி கிழின்னு கிழிச்சாங்க."

"எந்தப் பெட்டியில இருக்கு?"

"கிச்சன் பீங்கான், கண்ணாடி மட்டும் பதினோரு பெட்டி சார். ஏதோ ஒண்ணுல இருக்கும்."

பதினோரு பெட்டியும் ஒரே அளவு. ஒரே நிறம். ஒரே டேப்!

எதிர் வீட்டு டாக்டர் வந்தார். நாடி பார்த்தார். கண்ணை விலக்கிப் பார்த்தார்.

"மாரடைப்பு மாதிரிதான் தெரியுது. ஆனா இவர் என் பேஷன்ட் இல்லை. போலீஸுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சும்மா ஃபார்மாலிட்டிதான்."

அந்த ஃபார்மாலிட்டி அரை மணி நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்கியது.

பெண் இன்ஸ்பெக்டர். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் ஒன்பது டிரான்ஸ்ஃபர். கொலையைக் கண்டுபிடித்ததை விட வீடு மாற்றியதில்தான் அனுபவம் அதிகம். சோபாவின் கால்களுக்கு மட்டும் பேப்பர் சுற்றியிருந்ததையும், மேலே ஒருவர் சாய்ந்திருந்ததையும் ஒரு நிமிடம் பார்த்தார்.

"கடைசியா என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணுமே சாப்பிடல மேடம்," என்றான் மாப்பிள்ளை. "தண்ணிகூட வேண்டாம்னுட்டார்."

மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்து அழ அந்த வீட்டில் ஒரு நாற்காலி மிச்சமில்லை. அவள் தலையைத் தூக்கினாள்.

"என்னங்க இது... காபி குடுத்தீங்களே! நீங்களே போட்டு, நீங்களே ஆத்திக் குடுத்தீங்களே!" இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "பதினெட்டு வருஷத்துல இவர் அடுப்பு பத்த வச்சு நான் பாத்ததே இல்ல மேடம். இன்னைக்குத்தான் முதல் தடவை. 'மாப்பிள்ளை கையால காபியா! கொடுத்து வச்சவன்டா நான்'னு அண்ணன் எவ்வளவு சந்தோஷப்பட்டாரு தெரியுமா..."

முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"ஆ... ஆமா மேடம்! காபி! டென்ஷன்ல மறந்துட்டேன்."

"பரவால்ல. மனுஷன்னா மறதி இருக்கும். கப் எங்க?"

"பேக் ஆயிடுச்சு."

"எதுல?"

மாப்பிள்ளை கையைக் காட்டினான். வாசலில் லாரி. லாரியில் கன்டெய்னர். கன்டெய்னருக்குள் பாதி வீடு! இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

"டாக்டர் மாரடைப்புங்கறார். புகார் யாரும் குடுக்கல. ஒரு கப்புக்காக உங்க லாரியை நிறுத்த எனக்குக் காரணம் இல்ல. நீங்க வேலையைப் பாருங்க."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாலு மணிக்குக் கன்டெய்னர் துறைமுகத்தில். நாளைக்குக் கப்பல். நாற்பது நாள் கழித்து, புது நாட்டில், புது வீட்டில், புதுக் குழாயடியில் அந்தக் கப்பை அவனே கழுவிக்கொள்வான்!

"அண்ணனை எடுக்கறதுக்கு முன்னாடியே சாமான் போகணுமாங்க?" மனைவி விம்மினாள்.

"கப்பல் நமக்காக நிக்குமா? நீ மச்சான்கூட ஆஸ்பத்திரிக்குப் போ. பின்னாலயே வரேன்."

மச்சானை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போயிற்று. அவளும் போனாள். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் லாரி ஓரமாக நின்று மேஸ்திரியிடம் ஏதோ பேசினார். பத்தாவது டிரான்ஸ்ஃபருக்கு ரேட் கேட்கிறார் போலிருக்கிறது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டான்.

ஐந்தே நிமிடத்தில் மேஸ்திரி உள்ளே வந்து தலையைச் சொறிந்தான்.

"சார்... ஒரு விஷயம். நீங்க போற ஊர் கஸ்டம்ஸ்ல ரொம்பக் கெடுபிடி."

"அதுக்கு?"

"சமையல் சாமான்ல கறை கிறை ஒட்டியிருந்தா தனியா எடுத்து லேபுக்கு அனுப்பிடுவாங்க. பூச்சி கீச்சி வந்துடுமாம். ஒருத்தர் ஷூவுல மண் இருந்ததுன்னு ஷூவுக்கே டெஸ்ட் எடுத்தாங்க சார்! கப்பைக் கழுவினீங்களான்னு நீங்க கேட்டீங்களே... அதான் சொல்லி வைக்கலாம்னு."

"லே... லேபா?"



"அந்தப் பதினோரு பெட்டியையும் கீழ இறக்கு!"

"இறக்கி?"

"வேண்டாம். விட்டுட்டுப் போறேன். அங்க போய்ப் புதுசு வாங்கிக்கறேன்."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா சார்? வருஷக்கணக்கா சேத்த சாமான். அப்புறம் என்னைத்தான் பிடிப்பாங்க."

"இறக்குய்யான்னா!"

இறக்கினார்கள். சமையலறைத் தரையில் அடுக்கினார்கள். "எல்லாரும் போய் நிதானமா சாப்பிட்டுட்டு வாங்க," என்று விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

கத்தியை எடுத்தான். முதல் பெட்டி... சர்ர்ர்க்!

பேக்கிங்காரர்கள் ஒரு பொருளையும் வெறுமனே விட்டதில்லை. மூடிக்கு மூன்று சுற்று. ஜாடிக்கு நான்கு சுற்று. ஒரு ஸ்பூனுக்குச் சட்டை, கோட்டு, மேலே ஒரு போர்வை! பிரித்தான். எறிந்தான். பிரித்தான்... எறிந்தான். ஐந்தாவது பெட்டியில் முழங்கால் வரை பேப்பர். ஏழாவது பெட்டியில் விரல் வெட்டிக்கொண்டான். ஆயுளில் மனைவிக்கு ஒரு தட்டு எடுத்து வைக்காதவன், அவளுடைய மொத்தப் பாத்திரத்தையும் ஒரே மதியத்தில் தொட்டுப் பார்த்துவிட்டான்.

பதினோராவது, கடைசிப் பெட்டி!

நீலக் கரை போட்ட கப்! காலையில் கொடுத்த செட்டேதான்!

முதல் கப்... பளிச். இரண்டாவது... பளிச். மூன்று... நான்கு...

ஐந்தாவது கப்பின் அடியில் பழுப்பு வளையம்!

"கிடைச்சுட்ட!"

குழாயடிக்குப் பாய்ந்தான். திருகினான்.

ப்பூஸ்ஸ்...

காற்றுதான் வந்தது. வீட்டைக் காலி செய்வதால் பகல் பன்னிரண்டோடு தண்ணீர் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி அவனே கையெழுத்துப் போட்டிருந்தான்!

வேறு வழி தெரியவில்லை. கப்புக்குள் துப்பினான். சட்டை நுனியைத் திணித்துத் தேய் தேய் என்று தேய்த்தான்.

"வேண்டாம்னு விட்டுட்டுப் போற சாமானை இவ்வளவு அக்கறையாத் துடைக்கறீங்களே!"

பின்பக்கக் கதவில் இன்ஸ்பெக்டர். பக்கத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து அவர் கூட்டி வந்த மனைவி. அவர்களுக்குப் பின்னால் ஒரு கான்ஸ்டபிளும் மேஸ்திரியும்.

"மே... மேடம்... இது..."

"கஸ்டம்ஸ் கதை நான் சொல்லச் சொன்னதுதான். நான் மாத்தின ஒன்பது வீட்லயும் எங்க வீட்டுக்காரர் ஒரு பெட்டியைத் தொட்டதில்ல. நீங்க பதினொண்ணு பிரிச்சிருக்கீங்க. கப்பைக் குடுங்க. அந்தச் சட்டையையும் கழட்டுங்க. ரெண்டுமே லேபுக்குப் போகுது."

"என்னங்க... கப்புல என்ன?" என்று கேட்டாள் மனைவி.

அப்போதாவது அவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவன் நெஞ்சோ கொட்டியே விட்டது!

"அவர் சும்மா இருந்திருந்தா நான் ஏன் இதைச் செய்யப் போறேன்? ஒரு காகிதத்தைப் பாத்துட்டு என் வாழ்க்கையையே அழிக்கப் பாத்தாரு! அவரோட மாத்திரைதான்... முப்பது... அவருக்கு வலிக்கக்கூட இல்ல!"

"என்ன காகிதம்?"

"என்... பட்டம். போலி."

"மாத்திரை அட்டை எங்க?"

"கார் டிக்கியில... ஸ்டெப்னிக்கு அடியில."

கான்ஸ்டபிள் ஓடினார். வெற்று அட்டைகளோடு திரும்பி வந்தார்.

மனைவி அப்படியே பேப்பர் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். "எட்டாங்கிளாஸ் ஃபெயில்னு சொல்லியிருந்தாக்கூட உங்களோட குடும்பம் நடத்தியிருப்பேனே... எங்கண்ணனைப் போய்... பாவி... பாவி..."

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே சிதறிக் கிடந்த கப்களை ஒன்றாகச் சேர்த்தாள். அது பழக்கம். கை தானாகச் சேர்த்தது. நாலு இவளிடம். ஒன்று இன்ஸ்பெக்டரிடம்.

"ஆறு இருக்கணுமே," என்றாள் அழுகையினூடே. "ஒண்ணு எங்க?"

தொம்!

மேஸ்திரி இன்ஸ்பெக்டர் காலில் விழுந்திருந்தான்.

"மேடம்! உண்மையைச் சொல்லிடறேன் மேடம்! அந்தக் கப்பு உடைஞ்சு போச்சு!"

"எந்தக் கப்பு?"

"பெரியவர் குடிச்சாரே... அந்தக் கப்பு! டீப்பாயைத் தூக்கறப்ப விழுந்து சுக்குநூறாயிடுச்சு. தெரிஞ்சா வேலையை விட்டே தூக்கிடுவாங்க. அதான் சத்தமில்லாம அள்ளி, தெருவுல வந்த குப்பை லாரியில போட்டுட்டேன். அது காலையிலேயே போயிடுச்சு மேடம்!"

இன்ஸ்பெக்டர் தன் கையிலிருந்த கப்பைப் பார்த்தார்.

"அப்போ... இது?"

"அது நான் டீ குடிச்சது. கழுவ மறந்து அப்படியே கட்டிட்டேன்."



மாப்பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆதாரம் காலையிலேயே போய்விட்டது. மச்சானின் உடம்பு ஆறுவதற்குள் போய்விட்டது! பேசாமல் இருந்திருந்தால் நாளைக்குக் கப்பல். அடுத்த வாரம் விமானம். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை ஏழாம் வகுப்பிலேயே படித்திருந்தான். அது போலி இல்லை.

"அடப்பாவி!" மேஸ்திரியின் மேல் பாய்ந்தான். கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டார். "நான் கேட்டப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"செஞ்சதைத் தானா ஒத்துக்கற அளவுக்கு நான் படிச்சவன் இல்ல சார்."

"அவரும் இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர், மாப்பிள்ளைக்கு விலங்கை மாட்டிக்கொண்டே.

மாப்பிள்ளையை வாசல் பக்கம் நடத்தினார்கள். மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வாயைப் பிளந்து கிடந்த பதினோரு பெட்டிகளையும் சுற்றிப் பார்த்தான். தொழில் புத்தி விடவில்லை. பின்னாலேயே ஓடினான்.

"சார்... சார்! இந்த நேரத்துல சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க... சொந்தக்காரர் கையால பிரிச்ச பெட்டிக்குக் கம்பெனி பொறுப்பில்ல சார்!"