அமுங்கிய சீட்

ஆள் உட்காராத வண்டியின் சீட் அப்படி அமுங்கியிருக்கக் கூடாது. பிச்சை முகம்மது மண்ணெண்ணெய்த் துணியில் விரல்களைத் துடைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். திறந்திருந்த பட்டறைக் கதவு வழியாக மூடுபனி உள்ளே வந்து, தகரக் கூரைக்கு அடியில் தேங்கி, யூகலிப்டஸ் விறகுப் புகையும் எரிந்த ஆயிலின் நாற்றமும் ஈரச் சாக்கின் வாடையுமாகத் தொண்டைக்குள் இறங்கியது. பகல் சாப்பாட்டு நேரம்தான். ஆனாலும் பஜாரில் எதிர்க்கடை கூடத் தெரியவில்லை. மழைக்காலத்தில் கொடைக்கானலுக்குப் பகல் என்பது பேருக்குத்தான்.

உலகச் சண்டை முடிந்து பட்டாளம் ஏலத்தில் தள்ளிவிட்டுப் போன அமெரிக்க மோட்டார் சைக்கிள் அது. கவட்டை போல விரிந்து நிற்கும் இரண்டு சிலிண்டர்கள், அகலமான டேங்க், ஒருவன் தனியாகத் தள்ள முடியாத கனம். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. அதற்குப் பதிலாக சீட்டுக்கு அடியில், ஒரு குழாய்க்குள், நீளமான ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். ஆள் ஏறினால் சீட் நாலு விரல் அமுங்கும். இறங்கினால் மேலே வரும். இதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. இப்போது நாலு விரலும் அமுங்கிக் கிடந்தது.

காலையில் அந்த ஸ்பிரிங்கை அவனே கழற்றிப் பார்த்திருந்தான். உடையவில்லை, தளரவும் இல்லை. கிரீஸ் தடவி மாட்டியதும் சீட் துள்ளிக்கொண்டு மேலே நின்றது. பிறகு குனிந்து, கரி பிடித்த பிளக்குகளை உப்புத்தாளால் தேய்த்து, காற்றுப் படாமல் எப்போதும் சூடேறிக் கெடுகிற பின்சிலிண்டரின் வால்வுகளைச் சரிசெய்து நிமிர்ந்தால், மறுபடியும் இப்படி. பின்டயரும் தரையில் பிதுங்கி நின்றது. காற்றுக் குறைவாக இருக்கும் என்று பம்பு அடித்தான். டயர் கல்லாக இறுகியது. பிதுக்கம் அப்படியே இருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு போயிருப்பான். இன்று பயப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. பட்டறைக்குப் பின்னால், ஒரு சாக்குப் படுதாவுக்கு அப்பால்தான் வீடு. அங்கே அவன் மகள் ரபியா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். தொண்டை அடைப்பான். இங்கே மருந்து தீர்ந்துவிட்டது, பொழுது சாய்வதற்குள் கீழே பெரியகுளத்துக்குக் கொண்டுபோய் ஊசி போட்டால்தான் பிள்ளை பிழைக்கும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் ஓரமாகப் போகலாம்.

போன வருஷம் மூத்தவனையும் இதே நோய்தான் கொண்டுபோனது. அன்றைக்கு அவர்கள் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். கபருக்கு மண் தள்ளிவிட்டு வந்த அன்றே பிச்சை முகம்மது பட்டறையைத் திறந்து ஒரு லாரிக்குப் பிரேக் பார்த்தான். அவனுக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது. சோறு ருசிக்கவில்லை, அழுகையும் வரவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கூக்கால் கிராமத்திலிருந்து இந்த வண்டியைக் கிழங்கு லாரியில் ஏற்றிவந்த டிரைவர் ராமர்தான். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வண்டி கெளம்பிருமா பாய்?"

"கெளம்பிரும். எம் புள்ளையக் கட்டிக்கிட்டு இதுலதேன் எறங்கணும் ராமரு. ஒங்க மொதலாளி கோவிச்சுக்க மாட்டாருல்ல?"

ராமர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "சேனாதிபதி மொதலாளி போயிட்டாரு பாய். சொன்னா நீங்க வண்டியத் தொட மாட்டீகன்னு வீட்டுல சொல்ல வேணாம்னுட்டாக."

"எப்ப?"

"ஏத்திட்டு வந்தேன்ல, அதுக்கு மொத நாளு. பூம்பாறை ரோட்டுல மரத்துல சாஞ்சாப்ல வண்டி நிக்கிது. மேல அவரு உக்காந்திருக்காரு. மூச்சு இல்ல. ஆளு எறங்க மாட்டேங்குறாரு பாய். அம்புட்டுப் பேரும் சேந்து இழுத்தோம்."

ராமரின் பார்வை பிச்சை முகம்மதுவைத் தாண்டி வண்டியின் மேல் போயிற்று. போனது திரும்பி வரவில்லை.

"அவரத் தூக்கின பெறகும் சீட்டு இப்படித்தேன் கெடந்துச்சு," என்றான். பிறகு, "எனக்குச் சோலி கெடக்கு பாய்," என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தான். சில அடிகளில் மூடுபனி அவனை மறைத்துவிட்டது. செருப்புச் சத்தம் மட்டும் ஓட்டமாக மாறியது.

பிச்சை முகம்மது வண்டிக்குப் பக்கத்தில் நின்று கிக்கரை மிதித்தான். ஒரே மிதியில் பிடித்தது. இரண்டு சிலிண்டரும் ஒழுங்காக வெடித்தன; அந்த வண்டிக்கே உரிய நொண்டித் தாளத்தில், இரண்டு அடித்து ஒன்று விட்டு, இரண்டு அடித்து ஒன்று விட்டு. கைவேலை சுத்தமாக இருந்தது. அதைக் கேட்டால் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தான்.

சீட் அதற்கு மேல் ஒரு நூல் கூட அமுங்கவில்லை.

தோல் சீட்டில் உட்கார்ந்த மாதிரியும் இல்லை. யாரோ ஒருவருடைய தொடை மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஈரக் குளிர் வேட்டியைத் தாண்டி ஏறியது. முதுகுக்குப் பின்னால் காற்று கொஞ்சம் சுருங்கி, கொஞ்சம் விரிந்தது. கைப்பிடியில் அவன் விரல்களுக்கு மேல் ஏதோ வந்து படிந்தது. கனமாக. பொறுமையாக.

இறங்கிவிட்டான். எப்படி இறங்கினான் என்று தெரியவில்லை. சுவரில் முதுகு இடித்தது. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

இதில் எப்படிப் பிள்ளையை ஏற்றுவது? ஏற்றாமல் எப்படி விடுவது?

"என்னங்க," படுதாவுக்கு அப்பாலிருந்து அவன் மனைவி நஜீமா கூப்பிட்டாள். "வெரசா வாங்க. உள்ள இழுக்குற மூச்சு வெளிய வர மாட்டேங்குது."

அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். யோசித்துச் சொல்லவில்லை. பட்டறை வேலை பார்ப்பவன் வாய்க்குப் பழகிப்போன பேச்சு அது. ரிப்பேருக்கு விட்ட வண்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு வேலை செய்யவிடாத வாடிக்கைக்காரர்களிடம், மனம் நோகாமல், மழை நாட்களில் அவன் சொல்வது. தலையைக் குனிந்துகொண்டு மரியாதையாகச் சொன்னான்.

"கொஞ்சம் எறங்கிக்கிருங்க மொதலாளி. வண்டி வேணும். குளிருதுல்ல, உள்ள போயி உக்காருங்க."

என்ஜின் ஒரு துடிப்பு விட்டுப் பிடித்தது. குழாய்க்குள் ஸ்பிரிங் நீளமாகக் கிரீச்சிட்டது. சீட் மெல்ல, மெல்ல மேலே வந்து நின்றது. பின்டயரின் பிதுக்கம் உள்வாங்கியது.

கையால் சீட்டை அழுத்திப் பார்த்தான். இறங்கி எழும்பியது. வெறும் தோல், வெறும் ஸ்பிரிங். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வருஷமாக வராத தண்ணீர். பிள்ளை பிழைத்துவிடுவாள் என்று நினைத்தான். வண்டியை ஓடவிட்டுப் படுதாவை விலக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான்.

பிள்ளையை அவன் நெஞ்சோடு சேர்த்துக் கட்ட நஜீமா ஒரு பழஞ்சேலையை மடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் படுதாப் பக்கமே திரும்பியிருந்தது.

"யாருங்க அது? படுதாவத் தள்ளிக்கிட்டு வந்தாக. ஆளக் காணோம்."

அவன் கட்டிலைப் பார்த்தான்.

ரபியா சுவரோரமாக ஒதுங்கிப் படுத்திருந்தாள். விருந்தாளி வந்தால் இடம் விடச் சொல்லிக் கொடுத்து வளர்த்த பிள்ளை. அவள் கால்மாட்டில் கட்டில் கயிறு பள்ளமாகியிருந்தது. ஒரு ஆள் அகலத்துக்கு. கயிறு முனகியது. பள்ளம் நகர்ந்தது. கால்மாட்டிலிருந்து முழங்காலுக்கு. முழங்காலிலிருந்து இடுப்புக்கு.

பயம் அப்போதுதான் வந்தது. ஒரு வருஷத்துப் பயமும் சேர்ந்து வந்தது.

பாய்ந்து, இரண்டு கைகளையும் அவள் முதுகுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான். வரவில்லை. நஜீமா சேலையைப் போட்டுவிட்டுக் காலைப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை. அசையவில்லை. ரபியா தன் அத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. போர்வை அவள் நெஞ்சின் மேல் தட்டையாகப் படிந்து, இன்னும் தட்டையாகி, கட்டில் கயிறுகள் ஒவ்வொன்றாகத் தரையைத் தொட்டன. பட்டறையில் வண்டி யாரையும் சுமக்காமல் லேசாக ஓடிக்கொண்டிருந்தது.