பிணையலின் மேல் ஒரு புடவை

நேற்று சாயங்காலம் ஷெட்டைப் பூட்டியபோது கருப்பன் தலைதான் மேலே இருந்தது. காலையில் திறந்து பார்த்தால் செவலையின் தலை மேலே இருக்கிறது.

கஜபதி வாசற்படியிலேயே நின்றுவிட்டான். விடிந்தும் விடியாத மாதிரி இருட்டிக்கொண்டிருந்த ஐப்பசி வானம் அவன் முதுகுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரை முழுக்க ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவே ரப்பர் சொல்யூஷனும் நனைந்த சாக்கும் எலிப் புழுக்கையும் கலந்த ஷெட்டின் வழக்கமான வாசனை, இன்றைக்கு ஏனோ வெதுவெதுப்பாக வந்து மூக்கில் ஏறியது. மழை ஈரத்தில் ஃபோம் ஊறி, கனம் தாங்காமல் கருப்பன் சரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். கருப்பன் சரிந்தது சரி, செவலை எப்படி ஏறியது? அதற்குப் பதில் கிடைக்காததால் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனான்.

இரண்டும் சினிமாப் பாம்புகள். மூங்கில் வளையம், சைக்கிள் டியூப், மெத்தைக் கடை ஃபோம், மேலே செதில் செதிலாக வெட்டி ஒட்டிய ரெக்சின். ஒரு மரக்கடை முதலாளிக்குப் படம் எடுக்கும் ஆசை வந்து, திருமழிசை எஸ்டேட்டின் கடைசியில் சும்மா கிடந்த இந்த ஷெட்டை வாடகைக்கு எடுத்து, ராட்சசப் பாம்புகள் மோதிக்கொள்ளும் கிளைமாக்ஸை இங்கேதான் பிடித்தார்கள். கருப்பன் மந்திரவாதி ஏவிய பாம்பு. செவலை அம்மன் அனுப்பிய பாம்பு. மோதல் என்ன பெரிய மோதல்! நாலு பேர் மேலிருந்து சங்கிலி இழுக்க, வயிற்றுக்குள் புகுந்த ரெண்டு பேர் வியர்த்து நெளிய, வாயில் புகை வருவதற்கு ஒரு கட்டு ஊதுபத்தி. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டுமென்றால் ஜனங்களுக்கு ரொம்ப நல்ல மனசு வேண்டும்.

மழை பிடித்துக்கொண்டதும் படம் நின்றது. கேமரா போனது, ஆட்கள் போனார்கள், வாட்ச்மேன் கஜபதி மட்டும் பாக்கி. ஆர்ட் அசிஸ்டெண்ட் பரந்தாமன் வேனில் ஏறும்போது சொல்லிவிட்டுத்தான் போனான்.

"அண்ணாத்தே, ரெண்டுத்தையும் பிரிச்சுப் படுக்கப் போட்டுடு. பின்னிக்கினே நிக்க வுட்டா கூடு கோணிக்கும்."

"ஆவட்டும், நீ போ" என்றான் கஜபதி. ஆனால் பிரிக்கவில்லை.

பிரிக்காததற்குக் காரணம் அவன் மனைவி கண்ணம்மா. பாடியில் அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து கஜபதிக்கு வாய் பூட்டிக்கொண்டது. சாப்பிடு என்றால் சாப்பிடுவான், படு என்றால் படுப்பான். பேச்சு மட்டும் வராது. "சொவுத்தோட குடித்தனம் பண்ற மாதிரி கீதுயா எனக்கு" என்று சொல்லிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு அரக்கோணத்தில் இருக்கும் அண்ணன் பாஸ்கரன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும்வரை பக்கத்தில்தான் நின்றான். அப்போதும் பேசவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் போன பிறகுதான் பேச்சு வந்தது, அதுவும் யாரிடம்? இந்தப் பாம்புகளிடம். ஷெட்டுக்குள் சாக்கை விரித்து உட்கார்ந்து, உத்தரம் வரை முறுக்கிக்கொண்டு நிற்கும் அந்த ஜோடியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். கண்ணம்மாவுக்குப் புளிக்குழம்பு பிடிக்கும், தூங்கும்போது காலைத் தூக்கி மேலே போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும், கோபம் வந்தால் இடது கண் சிறுத்துவிடும். எல்லாம் நிஜம். ஒரே ஒரு பொய்தான் சொன்னான், ரெக்சின் பாம்பின் முன்னால்கூட மானம் போகக்கூடாது என்று.

"பஸ் ஏர்றப்போ அயுதுட்டா, பாவம். தப்பு என் மேலதான்யா, சீக்கிரம் வந்துர்றேன்னு கைய புடிச்சிக்கினா."

பாம்புகள் இரண்டும் நாலு லாரி பல்புக் கண்களால் பார்த்துக்கொண்டிருந்தன.

இந்தப் பக்கத்து வயற்காட்டில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. பாம்புகள் பிணையல் போட்டு எழும்பி நிற்பதைப் பார்த்தால் ஓடக்கூடாது, கல்லைத் தேடக்கூடாது. கட்டாத புதுத்துணியை அவற்றின் மேல் வீச வேண்டும். இரண்டும் பிரிவதற்குள் துணியை எடுத்துவந்து பெட்டியில் பூட்டினால், நினைத்தது வீடு தேடி வரும். கஜபதிக்கு நிஜப் பிணையலைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்ததில்லை. கிடைத்தது இதுதான். நேற்று மதியம், தீபாவளிக்கென்று கண்ணம்மாவுக்கு எடுத்து வைத்திருந்த மாம்பழ மஞ்சள் புடவையை உதறி, வெட்கமாகத்தான் இருந்தது, ஷெட்டில் யாருமில்லை என்றாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இரண்டு தலைகளின் மேலும் விழும்படி வீசினான். "அவ என்னாண்ட வந்துரணும்" என்றான். மூங்கிலால் வாங்கி எடுத்தபோது புடவை வெயிலில் காய்ந்த துணி மாதிரி சூடாக இருந்தது. வெயில் அடித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மடித்து டிரங்குப் பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான்.

அதற்கு மறுநாள் காலைதான் இந்தத் தலை மாறிய கூத்து.

சுலைமான் பாயின் டீக்கடை ஹைவே ஓரம். அந்த வட்டாரத்துக்கே அங்கேதான் போன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்த கஜபதியை பாய்தான் உசுப்பினார்.

"பார்த்துக்கினே இருந்தா அது தானா பேசுமா நைனா? எடுத்து சுத்து."

அரக்கோணத்தில் பாஸ்கரன் எடுத்தான். தங்கை பேச வரமாட்டேன் என்கிறாள் என்றான். அவன் குரலில் சங்கடம் இருந்தது. "ராவுக்குள்ள நானே ஒரு வார்த்த சொல்லிப் பாக்கறேன் மாப்ள. கட நம்பரக் குடுங்க. மனசு மாறுனா அவளையே பேசச் சொல்றேன்."

கொடுத்துவிட்டு வந்தான். அன்று பூராவும் ஷெட் பக்கமே போகவில்லை. மழை விடவில்லை. வாட்ச்மேன் ரூமில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி அந்தப் பக்கத்துச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தான்: சங்கிலி உத்தரத்தில் மெல்லத் தேயும் சத்தம், பிறகு நனைந்த கோணிப்பையைத் தரையில் இழுப்பது போல நீளமாக ஒன்று, நடுவில் நின்று, யோசித்து, மறுபடி இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. எலி என்று நினைத்தான். எலி அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது.

விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. கரண்டோடு அந்தச் சத்தமும் நின்றது. அதற்கு மேல் படுத்திருக்க முடியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு போனான். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தான்.

கருப்பன் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

சுற்றிய சுற்று குலையாமல், முறுக்கிய முறுக்கு தளராமல், கழுத்தை வளைத்து எதையோ அணைத்தபடி. அணைப்புக்குள் ஒன்றுமில்லை. ஓட்டை வழியாகப் பின்சுவர் தெரிந்தது. டார்ச்சைக் கீழே இறக்கினான். சிமெண்டுத் தரையில் ஓர் ஈரத்தடம், அவன் இடுப்பு அகலத்துக்கு. வளைந்து வளைந்து பின்ஜன்னலுக்குப் போயிருந்தது. ஜன்னல் கம்பிகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தன.

ஓடினான். செருப்பு ஒன்று சேற்றோடு போனது. ரூம் கதவிடுக்கில் வெளிச்சம். சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் ஏற்றவில்லை.

கட்டிலில் கண்ணம்மா உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டேன்யா" என்றாள்.

கஜபதிக்கு ஷெட், ஜன்னல், ஈரத்தடம் எல்லாம் ஒரு நொடியில் எங்கோ போய்விட்டன. அத்தனை மாதமும் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது உடைந்து, சின்னப் பிள்ளை போல விக்கி அழுதான். கதவில் சாய்ந்தபடியே பேசினான், பேசினான், அவளிடம் பேச வேண்டியதையெல்லாம் பேசினான். கோபமில்லை, சோம்பேறித்தனமில்லை, வேலை போன அவமானம்தான் வாயை அடைத்தது என்றான். அவள் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணம்மா அவ்வளவு பொறுமையாக எதையும் கேட்டதில்லை.

"எந்த பஸ்ல வந்தே?"

"நீதானய்யா கூப்ட்டே."

"இந்த மயைல நனையலியா?"

"வா. வந்து குந்து."

வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தான். அவள் தலை காய்ந்திருந்தது. கட்டிலடியில் செருப்பு இல்லை, பை இல்லை. கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள் புடவை. மூலையில் பெட்டி பூட்டியபடி இருந்தது. இடுப்பைத் தடவினான். சாவி இருந்தது.

"இது உனுக்கு எப்டி..."

"பஸ் ஏர்றப்போ அயுதேனே" என்றாள் அவள். இதமாக, ஆசையாக. "தப்பு என் மேலதான்யா, சீக்கிரம் வந்துர்றேன்னு உன் கைய புடிச்சிக்கினேனே."



அது நடக்கவில்லை. அது எங்கேயும் நடக்கவில்லை. அதைக் கேட்டவர்கள் இந்த உலகத்திலேயே இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரும் ஆட்கள் இல்லை.

எழுந்திருக்கப் பார்த்தான். அவள் கையைப் போட்டு மெதுவாகப் படுக்க வைத்தாள். பலம் தெரியவில்லை, கனம்தான் தெரிந்தது, கை அப்படியே நெஞ்சின் மேல் கிடந்தது. திரும்பி விளக்கை ஊதினாள். ரொம்ப நேரம் ஊதினாள். விளக்கு அணைந்த பிறகும் அந்த மூச்சு நிற்கவில்லை.

இருட்டு. மழை. ரப்பர் வாசனை.

வெளியே சேற்றில் யாரோ ஓடி வந்தார்கள். கதவு தடதடத்தது.

"கஜா! தூங்கிட்டியா நைனா?" சுலைமான் பாயின் குரல். மூச்சு வாங்கியது, சந்தோஷமாக இருந்தது. "அரக்கோணத்துலேருந்து போனு. உன் சம்சாரம் பேசுது. காலைல வந்துர்றேன்னு சொல்லுது. உன் கொரல கேக்கணுமாம், லைன்லயே கீது. சீக்கிரம் வா."

கஜபதி வாயைத் திறந்தான். ஒரு விரல் அவன் உதட்டின் மேல் வந்து படிந்தது. சில்லென்று இருந்தது. விரலில் நகம் இல்லை. ஓரம் ஓரமாகச் செதில் தட்டியது.

"கஜா? உள்ளதான கீறே?"

பாய் இன்னொருமுறை கதவைத் தட்டிப் பார்த்தார். "பாவம், அசந்து தூங்குறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சேற்றில் காலடிகள் திரும்பிப் போயின. ஹைவே ஓரத்தில், எடுத்து வைத்த போனுக்குள், கண்ணம்மா காத்துக்கொண்டிருப்பாள். அவனைப் பேச வைக்கக் காத்துக்கொண்டிருப்பாள்.

பக்கத்தில் படுத்திருந்தது காலைத் தூக்கி அவன் மேல் போட்டது. கண்ணம்மா போடுகிற மாதிரியேதான் போட்டது. அப்புறம் அந்தக் கால் அவன் முழங்காலுக்குக் கீழே நுழைந்து, ஒரு சுற்று சுற்றியது. இடுப்பை ஒரு சுற்று. நெஞ்சை ஒரு சுற்று.

அதற்குப் பிறகும் கால் மிச்சமிருந்தது.