தூங்குமூஞ்சிக் கட்டைவிரல்

அன்று சாயங்காலம் அக்கா கண்ணில் பட்ட கையையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தாள். துணி மடிக்கும் அம்மாவின் கை, வீட்டுப்பாடம் எழுதும் தங்கையின் கை, ஒன்றையும் விடவில்லை.

காரணம் இருந்தது. அக்கா நர்சிங் படிக்கிறாள். மறுநாள் காலையில் செய்முறைத் தேர்வு. நோயாளியின் நாடியைப் பிடித்து, ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்பு என்று சரியாகச் சொல்ல வேண்டும்.

போன முறை அவள் கோட்டை விட்டுவிட்டாள். கட்டிலில் நிம்மதியாகப் படுத்திருந்தவருக்கு, பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவரின் துடிப்பைச் சொல்லிவிட்டாள். இந்த முறையும் தவறினால், தோழிகள் எல்லாம் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள். அக்கா மட்டும் பழைய வகுப்பிலேயே உட்கார வேண்டியதுதான்.

தங்கையை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தாம் வகுப்பு. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதெல்லாம் நமக்கு எதற்கு?

கல்லூரியில் மாணவிகளின் போனில் ஒரு சாட்பாட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது பாடத்தில் கேள்வி கேட்கும், தப்பைத் திருத்தும், சோர்ந்து போனால் தட்டிக்கொடுக்கும். எதற்கெடுத்தாலும் 'சபாஷ்' என்று ஆரம்பிக்கும். அதனால் வாலு அதற்குச் சபாஷ் என்றே பெயர் வைத்துவிட்டாள்.

அப்பா பஸ் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கிவிட்டார். அக்கா மெதுவாக அவர் கையைப் பிடித்து எண்ணினாள். நூற்றுப் பத்து வந்தது. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மா பதறிப்போய்த் தண்ணீரோடு ஓடி வந்தார். அப்பா கண் விழித்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் தூங்கிட்டுத்தானே இருந்தேன்? தூங்குறதுக்கா இவ்வளவு வேகம்?"

அவருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அம்மா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் போனை எடுத்து, 'எனக்கு இது வராது, படிப்பையே விட்டுடப் போறேன்' என்று தட்டினாள். சபாஷ் வழக்கம்போல, உங்களால் முடியும், மனம் தளராதீர்கள் என்றது. அக்கா போனைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தலையணையில் முகம் புதைத்துக்கொண்டாள்.

அக்கா அழுதால் வாலுவுக்குத் தாங்காது.

"அக்கா, சபாஷ்கிட்ட நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"என்னமோ பண்ணு," என்றது தலையணை.

வாலு தான் பார்த்ததை அப்படியே எழுதினாள். அப்பா நன்றாகத் தூங்கினார், அக்கா எண்ணினால் நூற்றுப் பத்து வருகிறது, ஏன்?

'சபாஷ், நல்ல கேள்வி. என்னால் கையைப் பார்க்க முடியாது. நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா? அக்கா எந்த விரலால் அழுத்தினார்?'

வாலு தன் மணிக்கட்டைப் பார்த்தாள். சாயங்காலம் அக்கா அழுத்திய விதம் நினைவுக்கு வந்தது. 'கட்டைவிரல்' என்று எழுதினாள்.

கட்டைவிரலுக்குள்ளேயே ஒரு துடிப்பு உண்டு, அதை வைத்து அழுத்தினால் நம் துடிப்பையே எண்ணிவிடுவோம் என்று சபாஷ் சொன்னது.

சொன்னதும் நம்பிவிட்டால் அவள் வாலு இல்லையே. மூச்சு வாங்கும்வரை கூடத்தில் குதித்தாள். பிறகு, மறுபடி குறட்டை விட ஆரம்பித்திருந்த அப்பாவின் கையைக் கட்டைவிரலால் பிடித்தாள். துடிப்பு தடதடவென்று ஓடியது. மூன்று விரல்களை வைத்துப் பார்த்தாள். இப்போது அப்பாவின் துடிப்பு ஆற அமர நடந்தது.

அவள் அக்காவிடம் ஓடி விஷயத்தைச் சொன்னாள்.

"அது எனக்குத் தெரியுமேடி. போன வாரம்கூட சபாஷ் இதைக் கேட்டுது, சரியாத்தான் எழுதினேன்."

"உனக்குத் தெரியும். உன் கைக்குத்தான் தெரியலை. இந்தா, என் கையைப் பிடி."

அக்கா பிடித்தாள். பார்த்தால், கட்டைவிரல் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

"நீ எண்ணினது அப்பாவோட துடிப்பு இல்லக்கா," என்றாள் வாலு. "உன் பயத்தை எண்ணியிருக்கே."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று இரவுச் சாப்பாடு வரை மூன்று விரல்களால் வீட்டையே சுற்றிச் சுற்றி எண்ணினாள். கணக்கு சரியாக வந்தது. ஆனாலும் பயம் வந்தால் அந்த விரல் மறுபடி முந்திக்கொள்ளுமே என்று கவலைப்பட்டாள்.

காலையில் அக்கா கிளம்பும்போது வாலு பேனாவோடு வந்தாள். அக்காவின் கட்டைவிரலில் ஒரு குட்டி முகம் வரைந்தாள். இரண்டு கண்களும் மூடியிருந்தன.

"இவன் தூங்குறான். எழுப்பிடாதே."

பள்ளிக்கூடத்தில் அன்று வாலுவுக்குப் பாடமே ஓடவில்லை. மாலையில் வாசலிலேயே நின்றாள். தெருமுனையில் அக்கா வருவது தெரிந்தது. நடக்கவில்லை, ஓடி வந்தாள்.

"கை கழுவினதுல மூக்கு போயிடுச்சுடி, கண்ணு மட்டும் மிச்சம். அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துடுச்சு, பயம் எங்கே போச்சுன்னே தெரியலை. டீச்சர் எண்ணினதும் நான் எண்ணினதும் ஒண்ணு."

உள்ளே போனதும் அக்கா சபாஷுக்குச் செய்தி தட்டினாள். சபாஷ் என்று பதில் வந்தது. போனை வாலுவிடம் நீட்டினாள்.

"இது உனக்கு வந்தது, வச்சுக்கோ."

பிறகு அவள் தங்கையின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள். சற்று நேரத்தில் புருவம் உயர்ந்தது.

"என்னடி, இந்த ஓட்டம் ஓடுது? நான் சரியாத்தானே பிடிச்சிருக்கேன்?"

"சரியாத்தான் பிடிச்சிருக்கே," என்றாள் வாலு. "இது என்னோடதுதான் அக்கா."