தெற்குக் காற்று என்று ஒரு பெயர் இல்லை

செம்மண்குடியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் காற்றை நிறுத்திவிட்டுத்தான் போவார்கள். நாம் ஃபேனை நிறுத்துவதில்லையா, அதுபோல. ஆளில்லாத வீட்டில் மூச்சுக்காற்று ஓடுகிறதென்று தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். செவ்வாய்க் கிரகத்தில் காற்று என்ன மரத்திலா காய்க்கிறது?

“காத்த நிறுத்துனியா?” என்று வாசலில் நின்றபடி பரிதி கேட்டான்.

“நிறுத்திட்டேன். நேத்து நிறுத்தாம வந்தது யாருன்னு நான் சொல்லணுமா?” என்றாள் சங்கவை.

அப்பா அம்மாவின் இந்தச் சண்டையை நறுமுகை தினமும் கேட்கிறாள். பைக்குள் மூச்சு முகமூடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவளுடைய பள்ளி தெற்குக் குவிமாடத்தில் இருந்தது. மகளை அங்கே விட்டுவிட்டு, மைய மாடத்திலிருந்த தன் வேலையிடத்துக்குச் சங்கவை போனாள்.

அவள் நிரல் துப்புரவாளர். செம்மண்குடியின் கதவு, குழாய், வெந்நீர், காற்று எல்லாவற்றையும் நடத்துவது குடிமூளை என்ற ஒரே கணினி. அதற்கு மனிதர்கள் எழுதிக் கொடுத்த கட்டளைகள்தான் நிரல். நிரலுக்குள் மாறிகள் இருக்கும். மாறி என்றதும் மிரள வேண்டாம், அடுக்களை டப்பாதான். டப்பாவின்மேல் மிளகு என்று எழுதியிருந்தால் உள்ளே மிளகு இருக்கவேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு பட்டப்படிப்பு வேண்டுமா? ஆனால் படித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே செய்து வைத்திருந்த அசிங்கத்தைப் பார்த்தால் சோறு இறங்காது.

‘காற்று’ என்று ஒரு மாறி. ‘காற்று_புதுசு’ என்று இன்னொன்று. இதில் பழையதுதான் வேலை செய்யும், புதுசு செத்துக் கிடக்கும். ‘கடைசி’ என்று ஒன்று, அதற்குப் பின்னால் ‘கடைசிக்கும்_கடைசி’. ‘சும்மா’ என்று பெயர் வைத்திருந்ததைத் தூக்கினால் வெந்நீர் நின்றுவிடும். யாரோ ஒரு புண்ணியவான் தன் மாமியார் பெயரைக் கழிவறைக் காற்றோட்டத்துக்கு வைத்துவிட்டுப் பூமிக்குத் திரும்பிப் போயிருந்தான். “கருமம், கருமம்” என்று சொல்லிக்கொண்டே சங்கவை அத்தனையையும் படித்தாள். சில நாள் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். எச்சில் தட்டைக் கழுவுவதைவிட இது மோசம் என்று பரிதியிடம் புலம்பினாள்.

புழுதிக்காலத்தில் பணியில் இருந்தவர் ‘காற்று_புதுசு’வைத் திறந்துவிட்டுத் தூங்கப் போக, மேற்குக் குவிமாடத்தில் ஒரு தெருவே மயங்கி விழுந்தது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. அதற்குப் பிறகுதான் ஊர்மன்றத்துக்குப் புத்தி வந்தது. சங்கவையைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள்.

“ரொம்ப எளிசுங்க. எல்லாப் பேரும் ஒரே முறையில இருக்கணும். முதல்ல இடம், அப்புறம் பொருள், அப்புறம் வேலை. ‘தெற்கு_காற்று_வால்வு’. பார்த்ததும் என்னன்னு தெரியணும். அவ்வளவுதான்,” என்றாள்.

மன்றம் கைதட்டியது. தலைவர் வேலாயுதராசன் மேசையைத் தட்டி, “ஒரே சீரா இருக்கணும், அருமை!” என்றார். இத்தனை வருடத்துக்குப் பிறகு இப்போதாவது ஒரு மனிதருக்குப் புரிந்ததே என்று சங்கவை நினைத்தாள்.

அப்போது தெற்குக் குவிமாட உறுப்பினர் எழுந்தார். “வெறும் தெற்குன்னா எப்படிங்க? அந்த வால்வப் போட்டதே எங்க ஐயா அரங்கநாதனார். அவர் பேரு வேணாமா?”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. தெற்குக்கு ஒரு ஐயா என்றால் வடக்குக்கு ஓர் அண்ணன் வேண்டாமா? மேற்குக்காரர்கள் தங்கள் தாய்க்கு இரண்டு வால்வு கேட்டார்கள். வெந்நீர்க் குழாய்க்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மாலைக்குள் தீர்மானம் நிறைவேறியது. எல்லா மாறிக்கும் ஒரே முறையில் பெயர்: முதலில் அடைமொழி, பிறகு தலைவர் பெயர், கடைசியில் மரியாதை விகுதி. செவ்வாய்ச் செம்மல் அரங்கநாதனார். செம்மண் செல்வர் கோவேந்தனார். செங்கோள் சிங்கம் மாசிலாமணியார்.

“இதுல எது காத்து, எது தண்ணின்னு அவசரத்துல எப்படிங்க தெரியும்?” என்று சங்கவை கேட்டாள்.

“நம்ம தலைவர்கள் வரலாறு தெரியாதவன் எதுக்கும்மா மூச்சு விடணும்?” என்றார் தெற்கு உறுப்பினர்.

வேலாயுதராசன் சமாதானமாகச் சிரித்தார். “நீங்க சீரா இருக்கணும்னு கேட்டீங்க. இப்ப சீரா இருக்குல்ல?”

இருந்ததுதான் கொடுமை. ஒரு புள்ளி பிசகவில்லை. அந்தப் பெயர்களையெல்லாம் சங்கவையேதான் தன் கையால் நிரலில் ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். குழப்பம் வேண்டாமென்று பழைய பெயர்களை அடியோடு அழிக்கச் சொல்லியும் உத்தரவு வந்தது. அதோடு விட்டார்களா? எங்கள் ஐயாவுக்குச் சின்ன வால்வா என்று ஒரு கூட்டம் வரும், மாற்றச் சொல்லும். அடுத்த வாரம் இன்னொரு கூட்டம். தலைவர்கள் குழாய்க்குக் குழாய் தாவிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தலைவர் எந்த வால்வில் இருக்கிறாரென்று கடைசியில் அவளுக்கே நினைவில் நிற்கவில்லை.

ஒருநாள் நண்பகலில் ஒரு சிறு விண்கல் தெற்குக் குவிமாடத்தைத் துளைத்தது.

கதவுகள் தாமாக அடைத்துக்கொண்டன. அதனால் மற்ற மாடங்கள் பிழைத்தன. அடைப்பு ரோபோக்கள் ஓட்டையை நோக்கி ஏறத் தொடங்கின. அவை வேலையை முடிக்கும்வரை தெற்கில் இருப்பவர்களுக்குச் சேமக் காற்றைத் திறந்துவிட வேண்டும். தெற்கில் பள்ளி இருந்தது. பள்ளியில் நறுமுகை இருந்தாள். பிள்ளைகளின் முகமூடிகள் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

சங்கவை கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். பணியில் இருந்த மருதப்பன் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

“தெற்குக் காத்தத் திற!” என்று கத்தினார்.

“அப்படி ஒரு பெயர் இல்லை,” என்றது குடிமூளை.

“அரங்கநாதன்! அரங்கநாதனத் திற!”

“மரியாதைக் குறைவான பெயர் ஏற்கப்படாது.”

“செவ்வாய்ச் செம்மல் அரங்கநாதனார்!” என்று சங்கவை அலறினாள். குடிமூளை பணிவாகத் திறந்தது. வடக்குக் குவிமாடத்தில் ஒரு தெரு முழுக்க வெந்நீர் கொட்டியது. போன வாரம்தான் ஐயாவுக்குப் பெரிய குழாய் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

“நாசமாப் போக!” என்றாள் சங்கவை. “அண்ணே, நீங்க ஒவ்வொரு பேராச் சொல்லிப் பாருங்க. நான் கையால திறக்கப் போறேன்.”

குழாய்ச் சுரங்கத்தில் விழுந்தடித்து ஓடினாள். தெற்குக்குப் பிரியும் இடத்தில் வால்வு இருந்த சுவரை முழுதாக மறைத்துக்கொண்டு ஒரு பித்தளைப் படம் தொங்கியது. படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை. கீழே ஊதுபத்திச் சாம்பல். காற்றுக்குத் தவிக்கிற ஊரில் எந்த மடையன் ஊதுபத்தி கொளுத்தினான்? படத்திலிருந்த மனிதர் யாரென்றுகூட அவள் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பிய்த்துத் தரையில் எறிந்தாள். பின்னால் சுவரில், முதன்முதலாக வந்து குடியேறியவர்கள் சாயத்தில் எழுதியிருந்தது அப்படியே இருந்தது: ‘தெற்கு. காற்று.’ பக்கத்தில் ஓர் அம்புக்குறி, அதன் நுனியில் சக்கரம். உடம்பின் கனத்தையெல்லாம் போட்டுத் திருப்பினாள். குழாய்க்குள் காற்று பாயும் சத்தம் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பிள்ளைகள் எல்லோரும் பிழைத்தார்கள். நறுமுகைக்கு இரண்டு நாள் தலைவலி, அதோடு சரி.

படத்தை உடைத்ததற்கு விசாரணை வேண்டுமென்று ஒரு கூட்டம் கிளம்பியது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேறு கூட்டமாக வந்து அவர்களைத் துரத்தியடித்தார்கள். ஊரே சங்கவையின் பக்கம் நின்றது. அவளை மன்றத்துக்கு அழைத்தார்கள்.

“மன்ற விதிப்படி ஒரு ஆளு ஒரு திருத்தம்தாம்மா கேக்கலாம்,” என்றார் வேலாயுதராசன். அவர் பேத்தியும் அந்தப் பள்ளியில்தான் படித்தாள். “என்ன கேட்டாலும் இன்னிக்கு மறுக்கமாட்டோம். தயங்காமக் கேளுங்க.”

சங்கவை தயாராகத்தான் வந்திருந்தாள். இடம், பொருள், வேலை. நான் முதலில் சொன்னபடி பெயர் வையுங்கள், தலைவர்களைச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். காலையில் பரிதியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டும் வந்திருந்தாள். பார்வையாளர் வரிசையில் அவன் மகளோடு உட்கார்ந்திருந்தான்.

“அதுக்கு முன்னாடி ஒரு நல்ல சேதி,” என்றார் தலைவர். “உங்க பேரையும் ஒரு வால்வுக்கு வச்சிருக்கோம். ‘காற்றுத் தாய் சங்கவை அம்மையார்’. குடிமூளையில ஏத்தியாச்சு.”

மன்றம் கைதட்டியது. “ஐயோ, எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?” என்றாள் சங்கவை. அவளுக்குக் கூச்சமாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. பிறகு கேட்டாள், “எந்த வால்வுக்கு?”

தலைவர் கனைத்துக்கொண்டார். “காத்து, தண்ணி, வெந்நீர் எல்லாம் முன்னாடியே போயிடுச்சும்மா. பாக்கி இருந்தது கழிவு மெயின் ஒண்ணுதான். ஊருக்கே பெரிய குழாய் அது!”

பார்வையாளர் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பரிதியாகத்தான் இருக்கவேண்டும்.

“சீ!” என்றாள் சங்கவை. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. ஊர்ச்சாக்கடை முழுவதும் தன் பெயரைச் சொல்லித் திறந்து மூடப் போகிறதா? தினமும் காலையில் மருதப்பன் சங்கவை அம்மையாரைத் திறப்பாரா? அந்த மாமியாரின் பெயரைப் படித்துவிட்டு எத்தனை நாள் சாப்பிடாமல் இருந்தாள்!

“சொல்லுங்கம்மா, என்ன திருத்தம்?” என்றார் தலைவர்.

மன்றம் காத்திருந்தது. நறுமுகை அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் பேர அந்தக் கருமத்துலேர்ந்து எடுத்துட்டு, தெற்குக் காத்துக்கு வைங்க,” என்றாள் சங்கவை. “திறந்தது நான்தானே?”

அது நியாயம்தான் என்று ஒருமனதாக நிறைவேற்றினார்கள். அதுவரை அந்த வால்வின் பெயராக இருந்த தலைவர் கழிவு மெயினுக்கு மாற்றப்பட்டார். அவருடைய ஆட்கள் மன்றத்து வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள்.

மறுவாரம் அவசரகாலப் பயிற்சி நடந்தது. சங்கவை கட்டுப்பாட்டு அறையில் நின்று மேற்பார்வை பார்த்தாள். மணி அடித்ததும் மருதப்பன், “தெற்குக் காத்தத் திற!” என்று கத்தினார்.

“அப்படி ஒரு பெயர் இல்லை,” என்றது குடிமூளை.

“அட ஆமா. சங்கவையத் திற!”

“மரியாதைக் குறைவான பெயர் ஏற்கப்படாது.”

மருதப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“காற்றுத் தாயின்னு ஆரம்பிங்கண்ணே,” என்றாள் சங்கவை. “கடைசியில அம்மையார். அத விட்டுடாதீங்க.”

அவளுக்கு அன்று குமட்டவே இல்லை.