வெள்ளைக் காரில் சிவப்புத் துளிகள்

“யா அல்லாஹ்… இரத்தம்!”

சரீபாவின் அலறலில், காயப்போட்டிருந்த கருவாட்டில் குந்தியிருந்த காகங்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின.

மன்னார்த் தீவில் தாராபுரம். வெயில் ஏறத் தொடங்கிய காலை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். கொட்டிலுக்குள் ஒரு வெள்ளைக் கார். திறந்த கதவைப் பிடித்தபடி சரீபா நின்றாள். ஈக்குப் பஞ்சமே இல்லாத அந்தக் கருவாட்டு வளவில், அவள் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை!

சாரதி இருக்கையில் சிவப்புத் துளிகள்…

இருக்கையின் ஓரம் கிழிந்து, உள்ளே இருந்த பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. யாரோ குத்திக் கிழித்த மாதிரி!

“என்ன சரீபா, பாம்போ?”

சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார் சரிபுதீன். அவள் கணவர். கருவாட்டு முதலாளி. இருக்கையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“பாருங்கோ… இரத்தம்! ஆரையோ உள்ளுக்கு வைச்சுக் குத்திப்போட்டாங்கள்!”

“இரத்தமோ? இது… பெயின்ற்றா இருக்கும்.”

“சீற்றுக்கு ஆர் பெயின்ற் அடிக்கிறது? உங்கட வாப்பாவோ?”

கார் அவர்களுடையது அல்ல. சரீபாவின் தம்பி றினாஸுடையது. கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது, “ராத்தா, உங்கட கண் மாதிரிப் பாருங்கோ” என்று ஒப்படைத்துவிட்டுப் போனவன்.

நாளைக்கு வருகிறான்!

அதனால்தான் இன்றைக்குத் துடைக்க வந்தாள். இரத்தம் கண்டாள்.

சரிபுதீன் திறப்பைத் திருப்பிப் பார்த்தார். ‘டிக்…’ அவ்வளவுதான். கார் மூச்சு விடவில்லை. பொனட்டைத் தூக்கினார்கள்.

அடுத்த அலறல்!

வயர்கள் அறுந்து, செத்த பாம்புகளாய்த் தொங்கின.

“வெட்டியிருக்கிறான்… ஆரோ வேணுமெண்டு வெட்டியிருக்கிறான்!”

சரீபா மெல்லத் திரும்பினாள். கொட்டில் வாசலில் ஒருவன் நின்றான்.

செபமாலை.

அந்த வளவில் உப்புச் சாக்குத் தூக்குகிறவன். தூக்கித் தூக்கி ஒரு தோள் மற்றத் தோளை விடக் கீழே இறங்கிவிட்டது. வளவில் உள்ள எல்லாப் பூட்டுக்கும் திறப்பு அவன் இடுப்புக் கயிற்றில் தொங்கியது. இந்தக் கொட்டிலுக்கும்தான்.

“செபமாலை… நீ திறக்காமல் இதுக்குள்ள ஆரும் வர ஏலுமோ?”

“ஏலாது ராத்தா.”

“அப்ப ஆருக்குத் திறந்து விட்டனி?”

செபமாலை வாயைத் திறந்தான். முதலாளியைப் பார்த்தான். முதலாளி கூரைத் தகரத்தில் ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு சரீபாவைப் பார்த்தான்.

வாயை மூடிக்கொண்டான்.

“பாத்தீங்களோ! வாய் கட்டிப்போச்சு! மகளிட முதல் நன்மைப் பூசைக்கு மாதா கோயிலுக்குக் கொண்டுபோகக் காரைக் கேட்டவன். தம்பி வரப்போறான், தர ஏலாது எண்டு நான் சொன்னனான். அந்தக் கறளை மனசில வைச்சு வெட்டிப்போட்டான்!”

“மடு மாதா சத்தியமா நான் தொடேல்ல ராத்தா!”

“பொலிசுக்குச் சொல்லுறன்!”

“பொலிஸ் எதுக்கு சரீபா… எங்கட வளவுப் பிரச்சினை…” சரிபுதீன் இழுத்தார்.

“நாளைக்குத் தம்பி கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? என்ட கண் மாதிரிப் பாத்த காருக்குக் கண்ணில்லை எண்டோ?”

சொல்லும்போதே போனைக் காதில் வைத்துவிட்டாள்.

செபமாலை இடுப்பில் தொங்கிய திறப்புகளைப் பிடித்துக்கொண்டான். அடிக்குப் பயமில்லை. அடியைவிடப் பாரமான சாக்கெல்லாம் அந்த முதுகு கண்டிருக்கிறது. ஆனால் ஒருக்காப் பொலிஸ் ஜீப்பில் ஏறினவனை இந்தத் தீவில் எந்த முதலாளி வேலைக்குச் சேர்ப்பான்? பொருளைப் பூட்டி, திறப்பை யார் கையில் கொடுப்பான்?

ஜீப் வந்தது.

சார்ஜன்ட் சரவணமுத்து இறங்கினார். இறங்கியவுடன் மூக்கைப் பொத்தினார்! உயிலங்குளத்து நெல்வயல் காற்றில் வளர்ந்த மூக்கு அது.

“என்ன மணம் இது, கடவுளே!”

“என்ன மணம்?” சரீபா சுற்றும் முற்றும் பார்த்தாள்.

உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. கருவாட்டு வளவில் குடும்பம் நடத்துகிறவர்களுக்குக் கருவாட்டு மணம் என்பது காற்று. அவ்வளவுதான்.

சார்ஜன்ட் வரும் வழியிலேயே மன்னார் டவுனில் மெக்கானிக் எமிலையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். எமில் வந்த வேகத்தில் பொனட்டுக்குள் தலையை விட்டான். சார்ஜன்ட் செபமாலையைப் பிடித்தார்.

“திறப்பு உன்னட்ட. கோவமும் உன்னட்ட. கார் மட்டும் அவையிட. சரியோ?”

“சேர், நான் வெட்டேல்ல.”

“அப்ப ஆர் உள்ளுக்கு வந்தது?”

செபமாலை காலால் மணலைக் கிளறினான்.

“சொல்லடா! சொன்னால் நீ தப்பலாம்!”

“சொல்ல ஏலாது சேர். வாக்குக் குடுத்திட்டன்.”

“ஆருக்கு?”

“அதைச் சொன்னால் பிறகென்ன வாக்கு சேர்?”

சரிபுதீன் ஒரு அடி முன்னுக்கு வந்தார். வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒரு பெரிய மீனை விழுங்கின கொக்கு மாதிரிக் கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டார்.

“ஏறு ஜீப்பில!”

செபமாலை ஒரு காலைத் தூக்கி ஜீப்பில் வைத்தான்…

“பொறு. அந்த இரத்தத்தை ஒருக்காப் பாப்பம்.”

சார்ஜன்ட் காருக்குள் குனிந்தார். ஒரு துளியைச் சுண்டுவிரலால் சுரண்டினார். பிசுபிசுத்தது. அந்த நேரம் பார்த்து ஒரு ஈ அவர் இமையில் வந்து குந்தியது. அதே விரலால் கண்ணைத் தேய்த்தார்.

“ஐயோ… என்ட கண்!”

சட்டம் ஒழுங்கு ஒற்றைக் காலில் குதித்தது! எமில் தண்ணிப் போத்தலோடு ஓடிவந்தான். முகம் கழுவி நிமிர்ந்த சார்ஜன்டின் ஒரு கண் சிவந்திருந்தது. மற்றக் கண்ணில் சந்தேகம்!

“அம்மா… எந்த ஊரில இரத்தத்துக்கு மிளகாய்த்தூள் போடுறவை?”

“என்ன சேர் சொல்லுறீங்கள்?”

மூக்கைப் பொத்தின கையை முதல்முறையாக எடுத்தார் சார்ஜன்ட். காருக்கு வெளியே ஒருமுறை மூச்சை இழுத்தார். தலையை உள்ளே விட்டு ஒருமுறை இழுத்தார்.

“வெளியில காயிற கருவாடு மணக்குது. உள்ளுக்கு மணக்கிறது பொரிச்ச கருவாடு! செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பொரிச்சது.”

காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கினார்.

முள்… முள்… முள்!

எமில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். “கட்டாக் கருவாடு சேர். நல்ல சாதி.”

சார்ஜன்ட் சிரித்தார். “வளவு முழுக்கக் கருவாடு. வேணுமெண்டால் நடு முத்தத்தில இருந்து திண்டாலும் ஆரும் கேக்க மாட்டினம். அப்படியிருக்க, கொட்டிலுக்குள்ள, காருக்குள்ள ஒளிச்சிருந்து தின்னவேண்டிய ஆள் ஆர்?”

சரீபாவின் தலை அங்குலம் அங்குலமாகத் திரும்பியது.

சரிபுதீன் ஒரு தூணுக்குப் பின்னால் மறைய முயன்றுகொண்டிருந்தார். தூண் மெல்லிசு. வயிறு பெரிசு.

“நீங்களோ…?”

“சரீபா… நான்… சந்திக் கடையில பொரிச்சுத் தருவாங்கள்… பின்னேரத்தில நீ படுத்திருக்கேக்க கொஞ்சம்… மணத்துக்கு…”

“பிரஷர் ஏறிப்போச்சு, உப்பு வாயிலயும் வைக்காதேங்கோ எண்டு டொக்டர் சொன்னவரோ இல்லையோ! நான் உப்பில்லாமல் கறி ஆக்கி, நானும் அதைத் திண்டு… நீங்கள் இதுக்குள்ள இருந்து விருந்து! பக்கத்தில படுத்தும் எனக்கு மணக்கேல்லையே!”

“அதுதானே இந்தத் தொழிலில உள்ள ஒரே நன்மை…”

“பேசாதேங்கோ! இந்தப் பாவப்பட்ட மனிசனை ஜீப்பில ஏத்த விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டீங்களே! வெட்கமில்லையோ?”

சார்ஜன்ட் கையால் சைகை காட்ட, செபமாலை ஜீப்பில் இருந்து காலை இறக்கினான்.

“சரி, கருவாடு தெரிஞ்சுது. வயரை ஆர் வெட்டினது?”

“ஆரும் வெட்டேல்ல சேர்.” எமில் ஒரு வயரை நீட்டினான். “குறட்டால வெட்டினால் ஒரேயடியாய்த் துண்டாகும். இதைப் பாருங்கோ, சோடி சோடியாய்ப் பல்லுக் கொத்து. எலி! முள்ளுச் சூப்ப வந்து இஞ்சயே குடியிருந்திருக்கு.”

“அவர் எத்தினை நாளாத் திண்டாரோ… இவ்வளவு நாளும் வயரில கை வைக்காத எலி இப்ப என்னத்துக்கு வைச்சது?” சார்ஜன்ட் கேட்டார்.

“முதலாளி, கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள்?” எமில் சரிபுதீனைப் பார்த்தான்.

“றினாஸ் வாறன் எண்டு போன் எடுத்த நாளோட நிப்பாட்டிட்டன்…”

“அதுதான் விசயம்! ஊட்டி வளத்துப்போட்டுத் திடீரெண்டு சாப்பாட்டை நிப்பாட்டினால்? வயர், சீற்றுப் பஞ்சு எல்லாத்திலயும் வாய் வைச்சிட்டுது.”

“இனி வராமல் என்ன செய்யிறது தம்பி?” சரீபா கேட்டாள். குரலில் நீதிபதியின் கம்பீரம்!

“வயரைப் பொருத்தி ரேப் சுத்தி, பின்னேரத்துக்குள்ள ஸ்டார்ட் ஆக்கித் தாறன். காத்து எடுக்கிற வாயளுக்குக் கம்பி வலை அடிப்பன். கிழமைக்கு ஒருக்காவாவது ஓட்டுங்கோ. நிக்கிற நேரம் பொனட்டைத் திறந்து விடுங்கோ, வெளிச்சம் பட்டால் எலி கூடு கட்டாது. பொறி வையுங்கோ, நஞ்சு வேண்டாம். நஞ்சைத் திண்டு சந்துக்குள்ள செத்தால் மணம் தாங்க ஏலாது.” கொஞ்சம் யோசித்தான். “உங்களுக்குப் பரவாயில்லை. தம்பிக்குத் தாங்க ஏலாது.”

“வேற?”

“உள்ளுக்கு இருந்து சாப்பிடக் கூடாது.”

“கேட்டீங்களோ?” சரீபா கணவரைப் பார்த்து உறுமினாள். “களவாத் திண்ட வாய்!”

“பொறுங்கோ ராத்தா… கூட்டை எடுப்பம்.”

எமில் பின் இருக்கையைக் கழற்றித் தூக்கினான். அடியில் எலிக்கூடு. பஞ்சு, சாக்கு நூல்… நடுவே ஏதோ பளபளத்தது!

தங்கம்?

எல்லோரும் குனிந்தார்கள்.

தங்கமில்லை. தங்க நிறக் கடதாசி. பிடி பிடியாக! எமில் ஒரு துண்டை நீவினான். அரபு எழுத்து.

“சொக்லேற் சுத்தின கடதாசி,” என்றான். “கட்டார்ச் சாமான்.”

சரிபுதீன் தூணுக்குப் பின்னால் இருந்து மெல்ல வெளியே வந்தார். ஒரு அடி உயரம் கூடியிருந்தார்.

“சரீபா… றினாஸ் பெட்டி பெட்டியா அனுப்பின சொக்லேற்றை என்ன செய்தனி?”

“அது… மதரசாப் பிள்ளையளுக்குப் பங்கு வைச்சனான் எண்டு… சொன்னனானே…”

“மதரசா இந்தப் பின் சீற்றிலயோ நடக்குது? சீனி வருத்தம் எண்டு தேத்தண்ணியையே வெறுமையாக் குடிக்கிற ஆள்!”

“நீங்கள் தொழப் போற நேரம்… ஒண்டே ஒண்டு…”

சரீபா கதிரையைத் தேடினாள். கதிரை இல்லை. சாக்கில் உட்கார்ந்தாள்.

சார்ஜன்ட் செபமாலையின் பக்கம் திரும்பினார். “டேய்… அப்ப வாக்குக் குடுத்தது?”

“ரெண்டு பேருக்கும் சேர். முன் சீற்றுக்கு ஒண்டு, பின் சீற்றுக்கு ஒண்டு.”

“ஜீப்பில காலை வைச்ச பிறகும் சொல்லேல்லையே நீ!”

“அவை சொல்லுவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் சேர்.”



அப்போது சரீபாவின் போன் அலறியது. எடுத்த அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

“ராத்தா! றினாஸ் பேசுறன். பிளேன் ஏறப் போறன். கார் எப்படி இருக்கு?”

“இருக்கு தம்பி… சின்னதா… எலி கடிச்சுப்போட்டுது…”

“எலியோ? எத்தினை எலி?”

சரீபா கணவரைப் பார்த்தாள். கணவர் மனைவியைப் பார்த்தார். இருவரும் கெஞ்சுகிற கண்ணோடு செபமாலையைப் பார்த்தார்கள்.

செபமாலை இறங்கின தோளை ஒருமுறை நிமிர்த்தினான். போனுக்குப் பக்கத்தில் பணிவாகக் குனிந்தான்.

“பெரிய எலி ரெண்டு தம்பி! ஒண்டுக்குப் பிரஷர்… மற்றதுக்குச் சீனி!”