மூன்றாவது பூட்டு

தகட்டில் இரண்டு பூட்டுதான் இருக்க வேண்டும். மெக்கானிக்கின் சிவப்புப் பூட்டு ஒன்று, அவன் மச்சினனின் நீல டேப் சுற்றிய பூட்டு ஒன்று. சாப்பிடப் போகும் முன் இரண்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் மூன்று தொங்கின.

கல் அள்ளுகிற அந்த லோடர் வண்டியின் பக்கவாட்டில், பேட்டரிப் பெட்டியை ஒட்டி ஒரு மெயின் சுவிட்ச் உண்டு. வண்டியில் வேலை தொடங்கும் முன் அதை அணைத்து, ஓட்டைகள் போட்ட ஒரு இரும்புத் தகட்டை அதன் மேல் கவ்வவைத்து, வேலை செய்கிற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு ஓட்டையில் தன் பூட்டை மாட்டுவார்கள். சாவி அவரவர் சட்டைப்பையில் இருக்கும். ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் எஞ்சினை யாராலும் இயக்க முடியாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று பொருள். அந்தக் கல் குவாரியில் மற்ற எந்த விதியை மீறினாலும் நாலு திட்டோடு போய்விடும். அடுத்தவன் பூட்டில் கை வைத்தால் மட்டும், கூட வேலை செய்கிறவர்களே சட்டையைப் பிடித்துவிடுவார்கள். பூட்டுக்காரனின் முகத்தை நேரில் பார்க்காமல் அதைத் தொடக்கூடாது.

மூன்றாவது பூட்டு பித்தளையில் செய்தது. ரொம்ப நாள் ஒரே கையில் புழங்கியதுபோல் ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது. சாவித் துவாரத்தில் கறுப்பாக கிரீஸ் அப்பியிருந்தது. மெக்கானிக் தொட்டுப் பார்த்தான், விரலில் ஒட்டியது. கிரீஸ் இன்னும் காயவில்லை.

மச்சினனைக் கேட்டான். அவன் சிரித்தான். ஒரு பூட்டுக்கே சாவியைத் தேடி நாள் போகிறது, இதில் இரண்டு வேறயா என்றான். எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரு பதில் இருக்கும். வண்டிக்குப் பூட்டு போட்டார்கள், அவன் வாய்க்கு ஒன்று போட மறந்துவிட்டார்கள் என்று பட்டறையில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். வேலை செய்யும்போதும் பேச்சு, சாப்பிடும்போதும் பேச்சு. பேச ஆளில்லாவிட்டால் ஸ்பேனரோடு பேசுவான்.

அன்று குவாரிக்கு விடுமுறை. எலக்ட்ரீஷியன் வரவில்லை, வெல்டரும் வரவில்லை. கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் கேட்டதற்கு, இந்த மழையில் நாய்கூட உள்ளே போகவில்லை என்றார். மெக்கானிக் சூப்பர்வைசருக்கு போன் போட்டான். காலையில் லோடர் வேலைக்கு வந்தே ஆக வேண்டும், எவனோ விளையாடியிருக்கிறான், வெட்டிப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்றார் அவர். விதி இருக்கிறதே சார் என்று இழுத்தான்.

"விதிய எழுதி ஒட்டுனதே நான்தான்ப்பா. வெட்டு."

வெட்டத்தான் கை வரவில்லை. காரணம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். இந்த லோடரை முதலாளி வேறொரு குவாரியிலிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்திருந்தார். வண்டியைக் கொண்டுவந்து இறக்கிய டிரைவர் டீ குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். அங்கே ஒரு ஃபிட்டர் எஞ்சினுக்கு அடியில் இருந்த குழிக்குள் நின்று, எஞ்சினோடு சுழல்கிற ஃப்ளைவீல் சக்கரத்தின் கூட்டுக்குள் கை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவசரத்தில் வந்த ஒருவன் அவர் பூட்டைப் பார்த்தான். கூப்பிட்டுப் பார்த்தான். கல் உடைக்கிற சத்தத்தில் பதில் காதில் விழவில்லை. பூட்டை வெட்டிவிட்டு வண்டிச் சாவியைத் திருப்பிவிட்டான். அதற்கு மேல் டிரைவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. வண்டியைக் கழுவியே தண்ணீர்த் தொட்டி காலியானது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கிளாஸை வைத்துவிட்டார்.

இதை மெக்கானிக் யாரிடமும் சொல்லவில்லை. மச்சினனிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அவன் ஊருக்கெல்லாம் சொல்வான், அக்காவிடமும் சொல்வான். மெக்கானிக்கின் மனைவிக்கு அவன் தம்பி என்றுதான் பெயர், தாயில்லாத அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். இந்த வேலைக்கு அவனை அழைத்துவந்த அன்று அவள் கணவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவனை முழுசா என்கிட்ட திருப்பிக் கொண்டுவந்து விடணும் என்றாள். 

அதனால் அவன் முறைப்படியே பார்த்தான். கேபினுக்குள் பார்த்தான், சக்கரங்களுக்கு நடுவே பார்த்தான், வண்டிக்கு அடியில் பட்டறைத் தரையில் வெட்டியிருந்த குழிக்குள் டார்ச் அடித்தான். மச்சினன் அதற்குள் குழியில் இறங்கி நின்றுகொண்டிருந்தான். மெக்கானிக் சத்தமாகக் கேட்டான், வண்டிக்குள் வேறு யாராவது இருக்கிறீர்களா என்று.

"நான் இருக்கேன் மாமா," என்றான் மச்சினன். "என்னையும் சேத்து வெட்டிராதீங்க."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் கட்டரை வைத்து அழுத்தினான். பித்தளைப் பூட்டு இரண்டாகி எண்ணெய்த் தட்டில் விழுந்தது. குழியின் ஆழத்தில், மச்சினன் நின்ற இடத்துக்கும் அந்தப் பக்கத்தில், யாரோ நீளமாக மூச்சு விட்டதுபோல் இருந்தது. மழைக்காற்று என்று நினைத்துக்கொண்டான்.

வேலை ஒன்றும் பெரியதில்லை, டேப்பெட் சரிபார்ப்பதுதான். எஞ்சின் தலைமேல் மூடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வால்வுக்கும் மேலே இருக்கிற இடைவெளியில் மெல்லிய தகட்டைச் செருகி, திருகை இறுக்கி அளவு வைக்க வேண்டும். மேலே ஒருவன் அளவு வைக்க, குழிக்குள் நிற்கிற இன்னொருவன் ஃப்ளைவீலின் பல்லில் கம்பியைக் கொடுத்து எஞ்சினைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மழைச் சத்தத்தில் வார்த்தையும் சரியாகக் கேட்காது. அதனால் ஸ்பேனரால் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் திருப்பு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

ஒரு தட்டு தட்டினான். கீழே கம்பி பல்லுக்குப் பல் நகர்கிற சத்தம் கிடுக், கிடுக் என்று வந்தது. எஞ்சினுக்குள் எண்ணெயில் நனைந்த இரும்பு சோம்பலாகப் புரண்டது. இரண்டு தட்டு. நின்றது. முதல் வால்வை முடித்தான், அடுத்தடுத்த சிலிண்டர்களின் வால்வுகளையும் முடித்துக்கொண்டு வந்தான். கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. ஆறிப்போன டீசல் வாடையும், நனைந்த சாக்கின் வாடையும், அவற்றுக்கு அடியில் பழைய நாணயத்தைக் கையில் வைத்துத் தேய்த்ததுபோல் ஒரு வாடையும் மெல்ல மேலே ஏறி வந்தன. மதியம் தாண்டி வெகுநேரம் ஆகவில்லை, அதற்குள் மழை வெளிச்சத்தைக் குடித்துவிட்டிருந்தது. கூரையில் தொங்கிய பல்பு ஒருமுறை மங்கி, திரும்ப எரிந்து, பிறகு அணைந்தே போனது. கரண்ட் போச்சு என்று கீழேயிருந்து மச்சினன் எல்லோருக்கும் தெரிந்த செய்தியைச் சொன்னான். மெக்கானிக் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டான்.

அடுத்த வால்வு. தகட்டைச் செருகி, விரலை வால்வுக்கும் அதை அழுத்துகிற ராக்கருக்கும் நடுவே வைத்திருந்தான். அப்போது எஞ்சின் திரும்பியது.

அவன் தட்டவில்லை. ராக்கர் மெதுவாகக் கீழே இறங்கியது, விரல் நகத்தில் உரசியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். டார்ச் வாயிலிருந்து நழுவி எஞ்சின் இடுக்கில் விழுந்து எங்கேயோ எரிந்தது. இரண்டு தட்டு தட்டினான். நின்றது.  கீழே குனிந்து, கழுதை, என் விரலை எடுக்கப் பார்த்தியே என்று கத்தினான்.

"நீங்கதான மாமா தட்டுனீங்க?"

தட்டவில்லை என்றான். தட்டினீங்க, நல்லா கேட்டுச்சு, என் காதுக்குப் பக்கத்துலயே கேட்டுச்சு என்றான் மச்சினன். கூரையிலிருந்து ஏதாவது விழுந்திருக்கும் என்று மெக்கானிக் சொன்னான். அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை. இன்றைக்கு இது போதும், மேலே வா என்று சொல்ல வாயெடுத்தான். காலையில் வண்டி போகாவிட்டால் சூப்பர்வைசர் என்ன பேசுவார் என்பதும் கண்முன் வந்தது. இன்னும் ஒரே ஒரு சிலிண்டர்தான் பாக்கி. குறி எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல் என்றான்.

எஞ்சின் எந்த நிலையில் நிற்கிறது என்று காட்ட ஃப்ளைவீலில் ஒரு குறி வெட்டியிருக்கும். அது தெரிய, கூட்டின் ஓட்டைக்குள் கை விட்டு, படிந்த கரியைத் துணியால் துடைக்க வேண்டும். மச்சினன் முணுமுணுத்துக்கொண்டே கை விட்டது இரும்பில் சட்டை உரசுகிற சத்தத்தில் தெரிந்தது. இருட்டுல கண்ணே தெரியல, கைதான் கண்ணு என்றான். அப்புறம் ஏதோ பாட்டை முணுமுணுத்தான். பாதியில் நின்றுபோனது.

அவன் பாட்டைப் பாதியில் நிறுத்தி மெக்கானிக் கேட்டதே இல்லை.

"மாமா. நீங்க கீழ வந்தீங்களா?"

"இல்லடா. மேலதான் இருக்கேன்."

மழை. தகரம். எங்கேயோ சொட்டுகிற எண்ணெய்.

"அப்போ..." குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "கம்பியப் புடிச்சிருக்கறது யாரு?"

மெக்கானிக் எழுந்தான். கையை வெளியே எடு என்று கத்தினான். கத்தினதாகத்தான் நினைத்தான், தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. ஏணியில் கால் வைத்தான், படி தவறியது, முழங்கால் இரும்பில் இடித்தது. வலி தெரியவில்லை. தரையில் குப்புற விழுந்து தவழ்ந்தே குழியின் விளிம்புக்கு வந்தான். உள்ளே கறுப்பு. கறுப்புக்குள் இரண்டு மூச்சு கேட்டது. ஒன்று வேகமாக. ஒன்று மெதுவாக.

கையைக் குடு மாப்ள, கையைக் குடு என்று இருட்டுக்குள் தோள்வரை கையை நீட்டினான். துழாவினான். ஒன்றுமில்லை. இன்னும் நீட்டினான்.

ஒரு கை வந்து பிடித்தது.

கிரீஸில் வழுக்கியது, ஆனால் விடாமல் பிடித்தது. அவன் பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தான். பயத்தில் மனிதனுக்கு யானை பலம் வரும் என்பார்களே, அப்படி ஒரே இழுப்பில் வந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் அங்கே வெளிச்சம் இல்லை. பிடித்த பிடியை விடாமல் பட்டறையைத் தாண்டி, டயர் அடுக்கைத் தாண்டி, கதவைத் தாண்டி, கொட்டுகிற மழைக்குள் ஓடினான். கூடவே அந்தக் கையும் வந்தது.

வாட்ச்மேன் அறையின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தபோதுதான் நின்றான். நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. குனிந்து, முழங்காலில் ஒரு கையை ஊன்றி, மூச்சு வாங்கினான். அழுகை வந்தது, அதை மறைக்கச் சிரித்தான். சூப்பர்வைசர் கிடக்கிறார், வேலை கிடக்கிறது, இனிமேல் இந்த வண்டிப் பக்கமே போக வேண்டாம் என்றான். உனக்கு ஒன்று ஆகியிருந்தால் உன் அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன் என்றான். எல்லாவற்றையும் சொன்னான். டிரைவர் சொன்னதையும், அதை மறைத்ததையும் சொன்னான்.

பதில் இல்லை.

பயந்துபோயிருப்பான், பாவம் என்று நினைத்தான். கையை ஆதரவாக அழுத்திக்கொடுத்தான். அந்தக் கையும் திருப்பி அழுத்தியது. ஜில்லென்று இருந்தது. மழையைவிட ஜில்லென்று.

"மாமா?"

குரல் பட்டறைக்குள்ளிருந்து வந்தது.

"மாமா, எங்க போயிட்டீங்க? கை உள்ள மாட்டிக்கிச்சு. கம்பியத் திருப்ப வேணாம்னு சொல்லுங்க. மாமா, சொல்லுங்க."

மெக்கானிக் அசையவில்லை. கழுத்து மட்டும் தானாகத் திரும்பியது. தன் விரல்களைப் பார்த்தான். அவற்றோடு பின்னிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தான். மணிக்கட்டு. கறை ஏறிய காக்கிச் சட்டையின் கை. முழங்கை.

முழங்கைக்கு மேல் ஒன்றும் இல்லை, மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

உதறினான். போகவில்லை. பட்டறையை நோக்கி ஓடப் பார்த்தான். ஒரே இழுப்பில் இலேசாக வந்த அந்தக் கை இப்போது தரையில் நட்ட தூண்போல் அவனை நிறுத்திவைத்திருந்தது. இழுத்தான். இழுத்தான். பற்களால் கடித்தான். விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகின. உள்ளே மச்சினன் இப்போது அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கிடுக் என்று கம்பி ஒரு பல் நகர்ந்தது.

அப்புறம் இன்னொரு பல்.